கார்டுக்கு அப்ளை பண்ணதும் சிபில் ஸ்கோர் இறங்கிருச்சா? எங்க இடிக்குதுன்னு பாத்துருவோம்

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே பான் கார்டு, பட்டா, இபி பில்லுன்னு ஆன்லைன் வேலையும் பாத்துக் குடுக்குறேன். இப்ப ரெண்டு மூணு வருசமா வர்றவுக புதுசா ஒண்ணு கேக்குறாக: "தம்பி, கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போட்டேன், அதுல இருந்து சிபில் இறங்கிருச்சுங்கிறாக, என்னன்னு பாருங்க." சிபில்னா, கடன ஒழுங்கா கட்டுற ஆளான்னு பேங்க் பாக்குற மார்க்கு, கூட இருந்தா நல்லது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதோட பாதிப் பேரு எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே பதட்டத்துல இன்னும் ரெண்டு எடத்துல அப்ளை பண்ணிட்டு வந்துர்றாக, அதப் பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. அதான் எந்த அறிகுறிக்கு என்ன காரணம், என்ன செய்யணும்னு எழுதி வைக்கிறேன்.

கீழ எந்த அறிகுறி உங்களோடதா இருந்தாலும் சரி, காரணம் தெரியுற வரைக்கும் இன்னொரு கார்டுக்கோ லோனுக்கோ அப்ளை பண்ணாதீங்க. "இந்த பேங்க் தரலேன்னா அந்த பேங்க்ல கேட்டுப் பாப்போம்"னு போறதுதான் சின்னப் பள்ளத்தக் கெணறாக்குது.

மொதல்ல ரிப்போர்ட்ட எடுங்க

நம்ம நாட்டுல கடன் கணக்க வாங்கி வைக்கிற கம்பெனி நாலு இருக்கு, டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். சிபில்ங்கிறது அதுல ஒண்ணுதான், ஆனா ஸ்கோருக்கே அந்தப் பேருதான்னு ஆகிப்போச்சு. ஸ்கோர் 300-ல இருந்து 900 வரைக்கும் போகும். வருசத்துக்கு ஒருதடவ முழு ரிப்போர்ட்டையும் ஸ்கோரோட சேத்து காசு வாங்காம தரணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கு, நாலு கம்பெனிக்கும் அது உண்டு, அப்ப வருசத்துக்கு நாலு ரிப்போர்ட் சும்மாவே கெடைக்கும். அந்தந்தக் கம்பெனி சைட்டுலயே பான் நம்பரும் மொபைல் ஓடிபியும் குடுத்து எடுத்துக்கலாம்.

"நாமளே பாத்தா ஸ்கோர் கொறையுமாமே?"ன்னு நெறையப் பேரு பயந்துக்கிட்டு பாக்காமலே இருக்காக. கொறையாது. நம்ம கணக்க நாம பாக்குறது சாஃப்ட் என்கொயரி, அது ஸ்கோரத் தொடாது. நீங்க கடன் கேட்டு அதுக்காக பேங்க் எடுத்துப் பாக்குறது ஹார்ட் என்கொயரி, அதுதான் கணக்குல ஏறும்.

ரிப்போர்ட்ல ரெண்டு பகுதிய நல்லா படிங்க. ஒண்ணு அக்கவுண்ட் பகுதி, உங்க பேர்ல இருக்கிற ஒவ்வொரு கடனும் கார்டும், மாசாமாசம் எத்தன நாள் தாமதம்ங்கிறதும் அங்க இருக்கும். இன்னொண்ணு கடைசியில வர்ற என்கொயரி பகுதி, எந்த பேங்க், எந்தத் தேதி, எதுக்காகப் பாத்துச்சுன்னு வரிசையா போட்டிருக்கும். முக்காவாசி வெவகாரம் இந்த ரெண்டுலயே பிடிபட்டுரும்.

"அப்ளை பண்ணி பத்து நாள்தான் ஆச்சு, கொஞ்சம் புள்ளி கொறஞ்சிருக்கு"

என்கொயரி பகுதியில புதுசா ஒரே ஒரு வரி, அது நீங்க அப்ளை பண்ண பேங்க்தான், அக்கவுண்ட் பகுதியில ஒரு தாமதமும் இல்லேன்னா இது நோயே இல்ல, ஊசி போட்ட எடத்துல வலிக்கிற மாதிரி. ஒண்ணும் செய்ய வேணாம். ஒழுங்கா கட்டிக்கிட்டு வந்தா சில மாசத்துல அதோட பாதிப்பு தேஞ்சு போயிரும்.

ஏன் கொறையுதுன்னு கேப்பீங்க. எங்க ஐயா சின்ன வயசுல பர்மாவுல ஒரு செட்டியார் கிட்டங்கியில, அதாவது வட்டிக்கடையில, அடுத்தாளா (உதவிக் கணக்கரா) இருந்தவுக. கடன் கேட்டு ஒருத்தன் வந்தா மொதல்ல விசாரிக்கிறது, "இவன் இன்னைக்கு இன்னும் எத்தன கிட்டங்கி வாசல்ல ஏறி எறங்குனான்?"ங்கிறதத்தான்னு சொல்லுவாக. ஒரு எடத்துல கேட்டிருந்தா பரவால்ல, தேவை இருக்கு கேக்குறான். நாலு எடத்துல கேட்டிருந்தா முடை, கை நீட்டக் கூடாது. இன்னைக்கு அதையே கம்ப்யூட்டர் செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஒரே வாரத்துல நல்லாவே இறங்கிருச்சு, நான் ஒரு கார்டுக்குத்தான் கேட்டேன்"

புதுவயல்ல ரைஸ் மில்லுல சூப்பர்வைசரா இருக்க ஒரு அண்ணே, தங்கச்சி கல்யாணத்துக்கு உதவும்னு போன்ல ஒரு ஆப்ல கார்டுக்கு எழுதிப் போட்டிருக்காக. எந்த பேங்க்னு அவுகளுக்கே தெரியல, "உங்களுக்கு ஏத்த கார்டுகள்"னு வந்துச்சாம், ஒண்ணு கெடைக்கலைன்னதும் அடுத்ததத் தட்டியிருக்காக, அதுவும் இல்லைன்னதும் அடுத்தது. ரிப்போர்ட்ட எடுத்தா என்கொயரி பகுதியில ரெண்டு நாளுக்குள்ள அஞ்சு வரி. ஒவ்வொரு தட்டும் ஒரு தனி விண்ணப்பம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேங்க் தனியா போயி ரிப்போர்ட்ட எடுத்திருக்கு. அவுக மனசுல கேட்டது ஒரு கார்டு, பேரேட்டுல ஏறுனது அஞ்சு.

இதுக்கு வைத்தியம் பொறுமை ஒண்ணுதான். நீங்களே கேட்டு வந்த என்கொயரிய யாராலயும் அழிக்க முடியாது. "அஞ்சாயிரம் குடுங்க, என்கொயரிய எடுத்து விடுறேன், ஸ்கோர ஏத்தி விடுறேன்"னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு ஒரு ரூபா குடுக்காதீங்க, உங்க பான், ஆதார் ஜெராக்ஸையும் அவங்க கையில விடாதீங்க. தப்பா ஏறுனத மட்டும்தான் மாத்த முடியும், அத நீங்களே காசில்லாம செய்யலாம், கீழ சொல்றேன்.

ஒரு கார்டுக்கும் அடுத்த கார்டுக்கும் நடுவுல ஆறு மாசமாச்சும் விடுங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. சட்டம் ஒண்ணும் கெடையாது, கடையில பாத்த அனுபவத்துல சொல்றேன். அதுலயும் ஒரு வருசத்துக்குள்ள வீடு கட்டவோ பழைய வீட்ட எடுத்துக் கட்டவோ பேங்க் லோன் போடுற எண்ணம் இருந்தா, அது கைக்கு வர்ற வரைக்கும் கார்டு பக்கமே போகாதீங்க. வீட்டுக்கடன்ல கால் பர்சென்ட் வட்டி கூடுனாக்கூட இருவது வருசத்துக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டா, கார்டுக்கு இலவசமா குடுக்குற டிராலி பேக் எவ்வளவு வெலன்னு தெரியும்.

"பதினஞ்சு நாளைக்குள்ள எத்தன எடத்துல கேட்டாலும் ஒண்ணாத்தான் எண்ணுவாங்களாமே"ன்னு ஒரு தம்பி வீடியோ பாத்துட்டு வந்து கேட்டாரு. அது அமெரிக்காவுல வீட்டுக்கடன், கார் கடன் மாதிரி சிலதுக்கு இருக்கிற ஏற்பாடு. அங்கயே கிரெடிட் கார்டுக்கு அந்தச் சலுகை கெடையாது. அத நம்பி இங்க எறங்காதீங்க.

"ரிஜெக்ட் ஆயிருச்சு, அதனால ஸ்கோர் போயிருச்சா?"

இல்ல. 'இவருக்கு மறுத்துட்டோம்'னு தனியா ஒரு கறுப்புப் புள்ளி வைக்கிறது கெடையாது. கெடைச்சாலும் கெடைக்காட்டியும் என்கொயரி வரி ஒண்ணுதான். ஆனா அடுத்து பாக்குற பேங்க்காரர் என்கொயரியப் பாப்பாரு, அதுக்குப் பொறகு புது அக்கவுண்ட் ஒண்ணும் தொறக்கலையேன்னும் பாப்பாரு, தன்னாலயே புரிஞ்சுக்குவாரு.

இங்க நெறையப் பேருக்குத் தெரியாத உரிமை ஒண்ணு இருக்கு. கார்டு விண்ணப்பத்த மறுத்தா என்ன காரணம்னு பேங்க் எழுத்து மூலமா சொல்லணும்னு ரிசர்வ் வங்கியோட கிரெடிட் கார்டு உத்தரவுல இருக்கு. 'உள் விதிமுறைப்படி இயலவில்லை'ன்னு மொட்டையா வந்தா விடாதீங்க, ஈமெயில்ல திரும்பக் கேளுங்க. பல நேரத்துல காரணம் ஸ்கோரே இல்ல. இப்ப இருக்கிற வீட்டு வாடகை ரசீதுல ஒரு விலாசம், ஆதார்ல இருக்கிறது தேவகோட்டை பழைய விலாசம், இல்ல கம்பெனி பேரு அவங்க லிஸ்ட்ல இல்ல, இல்ல வருமானத்துக்குக் காகிதம் பத்தல. அத சரி பண்ணாம இன்னும் பத்து பேங்க்ல கேட்டாலும் அதே பதில்தான் வரும், பத்து என்கொயரி மட்டும் மிச்சம்.

"ஸ்கோர் எடத்துல மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது" அல்லது "என்ஹெச்னு போட்டிருக்கு"

பதறாதீங்க, இது கெட்ட ஸ்கோர் இல்ல, கணக்கே இல்லேன்னு அர்த்தம். காலேஜ் முடிச்சு புதுசா வேலைக்குப் போற புள்ளைகளுக்கு இப்படித்தான் வரும். நம்ம ஊருல இன்னொரு கூட்டத்துக்கும் வரும், சிங்கப்பூர், மலேசியாவுல இருவது வருசம் இருந்துட்டு ஊரோட வந்து சேந்தவுக. பள்ளத்தூர்ல இருந்து ஒரு அண்ணே வந்தாக, சிங்கப்பூர்ல ஒரு நாள் கூட பாக்கி வைக்காம கார்டு வச்சிருந்தவுக, அந்த ஊரு கிரெடிட் பீரோவுல நல்ல கிரேடு, அங்க ஸ்கோர் 1000-ல இருந்து 2000 வரைக்கும், கணக்கே வேற. அந்தப் பேரு கப்பலேறி இங்க வராது. இங்க அவுக பேர்ல ஒரு வரி கூட இல்ல. "என்னையவே நம்ப மாட்டேங்கிறாக"ன்னு அவுக சொன்னப்ப எனக்கே சங்கடமா போச்சு.

இவுகளுக்கு நான் சொல்ற வழி, சாதாரண கார்டுக்கு நாலு எடத்துல எழுதிப் போட வேணாம். ஏற்கனவே கணக்கு இருக்கிற பேங்க்ல ஒரு எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு அதுமேல கார்டு கேளுங்க. பணம் அவங்ககிட்டயே ஈடா இருக்கிறதால மறுக்கிறதுக்குக் காரணம் கொறவு, கார்டும் மத்த கார்டு மாதிரியேதான் ரிப்போர்ட்ல ஏறும். மாசம் ஒரு பெட்ரோல், ஒரு மளிகை போட்டு, வர்ற பில்ல முழுசா கட்டுங்க. கொஞ்ச மாசத்துல மைனஸ் ஒண்ணு போயி நெசமான நம்பர் வரும்.

"நான் கேக்கவே இல்ல, ஆனா என்கொயரி இருக்கு"

இதத்தான் நிதானமாப் பாக்கணும், ஏன்னா இது மறதியாவும் இருக்கலாம், மோசடியாவும் இருக்கலாம்.

மொதல்ல மறதியப் பாருங்க. மொபைல் கடையில தவணையில போன் வாங்குனீங்களா? அது கன்ஸ்யூமர் லோன், அந்த ஃபைனான்ஸ் கம்பெனி பேருல என்கொயரி இருக்கும், கடைப் பேரு இருக்காது, அதனால அடையாளம் தெரியாது. நகையக் கொண்டுபோயி பேங்க்லயோ ஃபைனான்ஸ்லயோ வச்சீங்களா? நகைக்கடனும் ரிப்போர்ட்ல ஏறும், திருப்பி மறு அடகு வைக்கிறப்ப புதுக் கடனா ஏறும், என்கொயரியும் வரலாம். தெருவுல இருக்கிற அடகுக்கடையில வச்சதுதான் இந்தக் கணக்குக்குள்ள வராது. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல, எக்ஸிபிஷன்ல டை கட்டுன பையன் "சும்மா எலிஜிபிலிட்டி பாக்கலாம் சார்"னு பான் நம்பர வாங்கி ஓடிபி கேட்டானே, அந்த ஓடிபி தான் உங்க சம்மதம்.

இதுல எதுவும் இல்லேன்னா அன்னைக்கே கெளம்புங்க. எந்தக் கம்பெனி ரிப்போர்ட்ல இருக்கோ அந்தக் கம்பெனி சைட்டுல டிஸ்ப்யூட் போடுங்க, அதாவது 'இது தப்பு, திருத்துங்க'ன்னு எழுதிப் போடுங்க, என்கொயரி பண்ண பேங்க்குக்கும் தனியா புகார் ஈமெயில் அனுப்புங்க. ரெண்டும் வேணும், ஏன்னா பேங்க் 'ஆமா தப்புதான்'னு சொல்லாம சிபில் தானா எதையும் மாத்தாது. அக்கவுண்ட் பகுதியிலயும் தெரியாத கடன் இருந்தா சைபர் கிரைமுக்கு 1930-ல சொல்லிருங்க.

இப்ப ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கு. எந்த பேங்க் உங்க ரிப்போர்ட்ட எடுத்தாலும் உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ ஈமெயிலோ வரணும். ஆனா பேங்க்ல இருக்கிறது பத்து வருசம் முன்னாடி தூக்கிப் போட்ட சிம் நம்பரா இருந்தா அது எப்படி வந்து சேரும்? கடைக்கு வர்ற ஆச்சிமாரு பாதிப் பேரோட பேங்க் கணக்குல சென்னையில இருக்கிற மகன் நம்பர்தான் இருக்கு. மாத்திக் குடுங்க, பாஸ்புக்க எடுத்துக்கிட்டு ஒரு நட நடந்தா போதும்.

கேக்காம கார்டே வீட்டுக்கு வந்துருச்சுன்னா ஆக்டிவேட் பண்ணாதீங்க, ஓடிபி சொல்லாதீங்க. நீங்க சம்மதிக்கலேன்னா செலவில்லாம ஏழு வேலை நாளுக்குள்ள அத மூடணும், ஆக்டிவேட் ஆகாத புதுக் கார்ட ரிப்போர்ட்ல ஏத்தவும் கூடாதுங்கிறது விதி.

"கார்டு கெடைச்சுருச்சு, ஒரு நாள் தவறாம முழுசா கட்டுறேன், அப்பயும் இறங்குது"

பலகாரம் போட்டு விக்கிற அத்தாச்சி ஒருத்தவுக, தேன்குழல், மணகோலம், அதிரசம்னு சிங்கப்பூர் வரைக்கும் அனுப்புறாக. மொதக் கார்டு, லிமிட் 40,000 ரூபாய். தீபாவளி ஆர்டருக்கு எண்ணெய், மாவு, நெய்யின்னு 34,000 ரூபாய்க்குப் போட்டாக. டியூ தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே முழுசா கட்டிட்டாக. ஆனாலும் ஸ்கோர் இறங்கிருச்சு. "கடனே வைக்கலையே தம்பி, எதுக்கு எனக்கு தண்டனை?"ன்னு கேட்டாக, நியாயமான கேள்விதான்.

வெசயம் என்னன்னா பேங்க் ரிப்போர்ட் அனுப்புற அன்னைக்கு கார்டுல நிக்கிற பாக்கிதான் ரிப்போர்ட்டுக்குப் போகுது, பல கார்டுக்கு அது பில் போடுற தேதியில நிக்கிற தொகை. 40,000-ல 34,000ன்னா லிமிட்ல 85 பர்சென்ட். பின்னாடி கட்டுனாலும் அன்னைக்கு எடுத்த போட்டோவுல கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கிற மாதிரித்தான் தெரியும். 30 பர்சென்டுக்குள்ள வச்சுக்கங்கன்னு எல்லாரும் சொல்றது இதுக்குத்தான். அத்தாச்சி இப்ப பில் தேதிக்கு மூணு நாள் முன்னாடியே 25,000 கட்டிர்றாக, பில்லுல நிக்கிறது 9,000, அதாவது 22.5 பர்சென்ட். செலவும் அதே, கட்டுறதும் அதே, தேதிய மட்டும் முன்னாடி இழுத்தது. அடுத்த ரெண்டு மாசத்துல ஏறிருச்சு.

இதே காரணத்துலதான் பழைய கார்ட மூடுனாலும் சில பேருக்கு எறங்கும். ரெண்டு கார்டு சேத்து 1,00,000 லிமிட்ல 25,000 பாக்கின்னா கால் பங்கு, ஒண்ண மூடி லிமிட் 50,000 ஆயிட்டா அதே 25,000 பாதி. வருசக் கட்டணம் இல்லாத பழைய கார்டா இருந்தா வச்சுக்கங்க.

"அந்தக் கார்ட நான் தேய்க்கவே இல்ல, எப்படி இவ்வளவு இறங்கும்?"

இது எனக்கே நடந்தது, அதனாலதான் இவ்வளவு எழுதுறேன். ஒரு பேங்க், பேரு வேணாம், "வாழ்நாள் முழுக்க ஃப்ரீ"ன்னு சொல்லிக் குடுத்த கார்டு. பீரோவுல வச்சுட்டு மறந்துட்டேன். ரெண்டாவது வருசம் கட்டணம் 500, ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேத்து 590 ரூபாய். பில் போனது பழைய ஈமெயிலுக்கு. அதுமேல லேட் ஃபீ, வட்டி, அதுக்கும் ஜிஎஸ்டி. கடைக்கு ஒரு கலர் மெஷின் வாங்க லோன் கேட்டப்பதான் தெரிஞ்சுது, மாசாமாசம் தாமதம்னு ஏறி நிக்குது. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு. என்கொயரியால போற புள்ளிக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், தாமதம்தான் ஸ்கோரோட மூல வியாதி.

இது உங்களோட அறிகுறின்னா, கார்ட ஃப்ரீன்னு சொன்னதுக்கு எழுத்துல எதாச்சும் இருந்தா அத வச்சு கட்டணத்தத் திருப்பக் கேளுங்க. இல்லேன்னா முழுசா கட்டிட்டு, மூடச் சொல்லி எழுதிக் குடுத்து, நோ டியூ சர்டிபிகேட் (பாக்கி இல்லேங்கிற சான்று) வாங்குங்க. பாக்கி இல்லாத கார்ட மூடச் சொன்னா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தரணும். "பாதி கட்டுங்க, மீதிய விட்டுர்றோம்"னு போன்ல சொல்லுவாக, இனிப்பா இருக்கும், ஒத்துக்காதீங்க, முடியுற நெலமையில இருந்தா முழுசாவே கட்டிருங்க. பாதிக்கு முடிச்சா ரிப்போர்ட்ல 'செட்டில்ட்'னு விழும், அது 'க்ளோஸ்ட்'க்கு சமமில்ல, அடுத்து கடன் குடுக்கிறவுக கண்ணுல மொதல்ல படுறது அதுதான்.

டியூ தேதி ஒரு நாள் தவறிருச்சுன்னா ஒடனே நெஞ்சு அடச்சுக்க வேணாம். கிரெடிட் கார்டுல மூணு நாளுக்கு மேல போனாத்தான் தாமதம்னு ரிப்போர்ட்ல ஏத்தலாம். நாலாவது நாள் ஆகிருச்சுன்னா டியூ தேதியில இருந்தே எண்ணுவாங்க.

"ஒரு ஆப்ல 780, பேங்க்ல 720ங்கிறாக"

ரெண்டும் நெசமா இருக்கலாம். ஆப் காட்டுறது எக்ஸ்பீரியனா இருக்கும், பேங்க் பாத்தது சிபிலா இருக்கும், நாலு கம்பெனிக்கும் கணக்குப் போடுற முறை வேற. எந்த பேங்க்ல கேக்கப் போறீங்களோ அது எந்தக் கம்பெனி ரிப்போர்ட்டப் பாக்கும்னு கேட்டுட்டு அத எடுத்துப் படிங்க.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் இறங்கிருச்சு"

அக்கவுண்ட் பகுதியில ஜாமீன்தாரர்னு எதாச்சும் இருக்கான்னு பாருங்க. மச்சான் வண்டி லோனுக்கு, பங்காளி கடை லோனுக்குன்னு கையெழுத்துப் போட்டது அங்க இருக்கும். அவுக கட்டாம விட்டா உங்களுக்கும் சேத்துத்தான் அடி. இதுக்கு டிஸ்ப்யூட் போட்டு பிரயோசனம் இல்ல, கையெழுத்து நெசம். ஒறவுல பேசித்தான் தீக்கணும், பேச சங்கடமா இருந்தாலும் பேசுங்க.

தப்புன்னு தெரிஞ்சா எங்க, எத்தன நாள்

டிஸ்ப்யூட் போட்டா 30 நாளுக்குள்ள முடிச்சுத் தரணும். தாண்டுனா நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு, இது 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. பேங்க்குக்குப் புகார் குடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்ல, இல்ல பதில் திருப்தியில்லேன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறை தீக்கிற அதிகாரி) கிட்ட ஆன்லைன்லயே போடலாம், பைசா செலவில்ல, சந்தேகம் கேக்க 14448.

கட்டுன மறுநாளே ஸ்கோர் ஏறலயேன்னு தெனம் ஆப்ப தொறந்து பாக்க வேணாம். பேங்க் தெனம் அனுப்புறது இல்ல, மாசத்துல சில தடவதான் நெலவரத்த அனுப்புது, அது அங்க போயி ஏறவும் சில நாள் ஆகும். ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க.

எங்கிட்டத்தான் காட்டணும்னா ரிப்போர்ட்டோட எல்லாப் பக்கத்தையும் கொண்டு வாங்க, மொதப் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து வாட்சப்ல போட்டா நம்பர்தான் தெரியும், காரணம் பின்னாடி பக்கத்துலதான் இருக்கு. கூடவே டிஸ்ப்யூட் நம்பர், புகார் போட்ட தேதி, பேங்க் அனுப்புன பதில், பணம் கட்டுன ரசீது, இருந்தா நோ டியூ சர்டிபிகேட், எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்துருங்க.